கர்ட்டனம்மாவின் நாய்

கர்ட்டன் கடைக்காரர் மனைவி இங்கிலீஷ் பரீட்சையில் இரண்டாவது தடவையும் கோட்டை விட்ட செய்தி, மார்க் தாள் வீடு போய்ச் சேர்வதற்கு முன்பே தெருவுக்கு வந்துவிட்டது. போன தடவை முப்பத்தேழு. இந்தத் தடவை முப்பத்தெட்டு. தேற வேண்டியது நாற்பது.

"ஒரு மார்க் ஏறியிருக்கே! இந்த வேகத்துல போனா பேரன் பேத்தி எடுக்கறதுக்குள்ள பாஸாயிடும்" என்றார் மருந்துக்கடைக்காரர். கடை வாசலில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். தலைவலி மாத்திரை வாங்க வந்தவர்கூட.

சிரிக்காத ஒரே ஆள் கர்ட்டனம்மாதான். தெரு அவளுக்கு வைத்த பெயர் அது. அந்த முப்பத்தெட்டை வாங்க என்ன பாடுபட்டாள் என்பது அவளுக்கல்லவா தெரியும்! கேள்வித்தாளைப் பிரித்ததுமே விடைகள் நான் முந்தி நீ முந்தி என்று வந்து நின்றன. அவற்றை ஒவ்வொன்றாக உள்ளே விட்டு, மனசுக்குள் கூட்டிக்கொண்டே வந்து, முப்பத்தெட்டு ஆனதும் பேனாவை மூடினாள். கடைசிப் பக்கம் முழுக்க வெள்ளை. மிகக் குறைந்து போனால், 'இவ மண்டையில ஏறாது' என்று கடைக்காரர் வகுப்பை நிறுத்திவிடுவார். நாற்பதைத் தொட்டால் ஸ்டூல்.

அந்த ஸ்டூலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடையின் முன்பக்கம் கண்ணாடித் தடுப்புக்குள் கடைக்காரருக்கு ஒரு சுழல் நாற்காலி. அதை ஒட்டி, முழங்கை இடிக்கிற தூரத்தில், பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு புது ஸ்டூல். பெரிய அடுக்குமாடிகளிலிருந்து யாராவது போனில் இங்கிலீஷில் பேசினால் கடைக்காரர், "லைன் சரியில்லை" என்று வைத்துவிடுவார். ஊரில் எந்த லைனும் அவருக்கு மட்டும் சரியாக இருந்ததில்லை. அதனால்தான் மனைவியை வகுப்புக்கு அனுப்பினார். அவள் பாஸானதும் காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை அந்த ஸ்டூலில் உட்கார்ந்து போன் எடுக்க வேண்டும். பாஸானவளுக்கு அப்புறம் வகுப்பு எதற்கு?

இப்போது மட்டும் என்ன வாழ்கிறதாம் என்று கேட்பீர்கள். கீழே கடை, மேலே வீடு, நடுவே பதினான்கு படிகள். தெருவில் கால் வைக்காமலேயே ஒரு வருஷத்தை ஓட்டிவிடலாம். ஓட்டியும் இருக்கிறாள். கடையின் பின்னறையில் இரண்டு தையல் மெஷின்கள் எதிரும் புதிருமாக. ஒன்றில் அவள், மற்றதில் நாத்தனார். நாத்தனாருக்கு ஊசியில் ஒரு கண், தம்பி மனைவி மேல் ஒரு கண். ஊரிலுள்ள ஜன்னல்களுக்கெல்லாம் திரை தைக்கிற அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரின் உச்சியில் புகை தள்ளும் விசிறி ஒன்று உண்டு. அதன் இறக்கைகளுக்கு நடுவே துண்டு துண்டாகக் கொஞ்சம் வானம் தெரியும்.

செவ்வாயும் வெள்ளியும் மாலை ஐந்திலிருந்து ஆறரை வரைதான் அவளுக்கு வெளியே. அச்சகத்து மாடியில் வகுப்பு. கீழே மெஷின் ஓடும்போது பெஞ்சு நடுங்கும். டீச்சருக்குப் பன்னிரண்டு மாதமும் ஜலதோஷம். டீச்சர் போட்ட ஒரே சட்டம், அறைக்குள் தமிழ் கூடாது. தும்மினால்கூட இங்கிலீஷில்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

முதல் நாள் எல்லாரும் தங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. கர்ட்டனம்மா எழுந்து நின்றாள். நாத்தனாருக்கு இங்கிலீஷில் என்ன வார்த்தை என்று தெரியவில்லை. பதினான்கு படியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. புகை தள்ளும் விசிறிக்கும் வார்த்தை இல்லை. கையில் இருந்ததெல்லாம் பாடப் புத்தகத்தின் முதல் படம்: ஒரு வீடு, ஒரு கடல், ஒரு நாய். இருப்பதை வைத்துத்தானே சமைக்க முடியும்? "என் வீடு கடல் பக்கம். எனக்கு ஒரு நாய் உண்டு" என்று சொல்லி உட்கார்ந்தாள். அந்த ஊருக்கும் கடலுக்கும் ஒரு நாள் பயணம்.

அடுத்த வகுப்பில், பக்கத்து பெஞ்சு லாரி டிரைவர் நாயின் பெயரைக் கேட்டார். அன்றைய பாடம் வாரத்தின் நாட்கள். "மண்டே" என்றாள்.

அப்புறம் நிறுத்த முடியவில்லை. இறந்தகாலம் நடத்தியபோது மண்டேவுக்குக் காய்ச்சல் வந்து சரியானது. எதிர்காலம் வந்தபோது மண்டேவைக் கூட்டிக்கொண்டு அவள் கப்பலில் போவதாக இருந்தாள். தொழில்களின் பெயர்கள் வந்த வாரம், கணவர் கப்பல் கேப்டன் ஆனார். வருஷத்துக்கு இரண்டு தடவைதான் வீட்டுக்கு வருவார். அந்த இரண்டு தடவை என்பதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் குழைந்தது. வகுப்பே உச்சுக்கொட்டியது, பாவம், பிரிந்திருக்கிறாளே என்று!

இப்படியாக நன்றாகப் போய்க்கொண்டிருந்த குடித்தனத்தில்தான் அந்த முப்பத்தெட்டு வந்து மண்ணைப் போட்டது.

கடைக்காரர் மார்க் தாளைக் கண்ணாடிக்கு நேரே பிடித்து, தலைகீழாகவும் ஒரு தடவை பார்த்தார். அவருக்கும் தெருவில் ஒரு பெயர் உண்டு. 'தெரியும் சார்.' எதிராளி வாயைத் திறப்பதற்குள் "தெரியும், தெரியும்" என்பார். உலகத்தில் எதுவும் அவருக்குத் தெரியாது என்று ஆனதே இல்லை.

"ரெண்டு மார்க்கு! ரெண்டே ரெண்டு மார்க்கு! உனக்குப் பக்கத்துல இருந்து தட்டிக்கொடுக்க ஆள் இல்லை, அதான்."

"அடுத்த தடவை எடுத்துடுவேங்க."

"தெரியும், தெரியும். இனிமே நானும் வரேன். பக்கத்துல உக்காந்து பாக்கறேன். நானும் பேர் கொடுத்துட்டேன்."

"நீயுமாடா?" என்றாள் நாத்தனார் பின்னறையிலிருந்து. "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே!"

"தெரிஞ்சதை ஒருவாட்டி சரிபார்க்கத்தான்க்கா."

கர்ட்டனம்மா அன்று தைத்த திரையில் மடிப்பு மூன்று இடத்தில் கோணல். நாத்தனார் பிரிக்கச் சொன்னாள். பிரித்தாள். திரும்பவும் கோணல்.

மண்டேவைக் கொன்றுவிடலாமா என்றுகூட யோசித்தாள். ஆனால் செவ்வாய்க்கிழமை போனதும் அதை இவள் சொல்வதற்குள் முந்திக்கொண்டு பேசப்போவது டிரைவர். கேப்டனை எப்படிக் கொல்வது? அவரே நேரில் வந்து நிற்பாரே!

செவ்வாய்க்கிழமை கடைக்காரர் சலவைச் சட்டை போட்டு, இரண்டு பேனா குத்திக்கொண்டு, மனைவிக்கு முன்னால் நடந்தார்.

அவரைப் பார்த்ததும் டிரைவர் எழுந்தே விட்டார். "கேப்டன்!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்புறம் இங்கிலீஷில் கொட்டினார். எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள்? கடல் எப்படி இருந்தது? எத்தனை நாள் இருப்பீர்கள்? மண்டே உங்களை அடையாளம் கண்டுகொண்டதா?

கர்ட்டனம்மா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கீழே அச்சு மெஷின் ஓடியது. பெஞ்சு நடுங்கியது.

கடைக்காரருக்கு ஒரு எழுத்து புரியவில்லை. ஆனால் சுற்றி எட்டுப் பேர் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எட்டுப் பேருக்கு நடுவில் "தெரியாது" என்று சொல்ல அவர் பிறக்கவில்லை.

"யெஸ், யெஸ்" என்றார். "வெரி குட்."

"மண்டே?" என்று டிரைவர் மறுபடியும் ஆசையாகக் கேட்டார்.

"வெரி வெரி குட்!"

வகுப்பு கைதட்டியது. கர்ட்டனம்மா மெல்ல நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் மேஜை மேல் வருகைப் பதிவேடு திறந்து கிடந்தது. அதில் முதல் நாளே அவள் எழுதிக்கொடுத்த விலாசம்: கர்ட்டன் கடை, முதல் மாடி. அதைப் படிக்காமலா டீச்சர் இத்தனை மாதமாகக் கேப்டனின் சௌக்கியம் விசாரித்தார்? டீச்சர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கேப்டன் உட்காரலாம் என்று இங்கிலீஷில் சொன்னார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

திரும்பி வரும்போது கடைக்காரரின் நடையே வேறு மாதிரி இருந்தது. "என்னமோ கேப்டன் கேப்டன்னு கூப்பிட்டாங்களே?"

"மரியாதைக்குச் சொல்றதுங்க."

"தெரியும், தெரியும். அந்த டிரைவர் என்னமோ கேட்டானே?"

"எல்லாரும் நல்லா இருக்காங்களான்னு."

"அதேதான் நானும் சொன்னேன்."

தலை தப்பியது. ஆனால் அடுத்த நாலு மாதம் அவள் பட்டது கொஞ்சமல்ல. தப்பிக்கப் போன இடத்துக்கே சிறை கூட வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. பெஞ்சில் அவர் முழங்கை இவள் விலாவில். இவளை ஏதாவது கேட்டால் அவர் "யெஸ், வெரி குட்" என்று முந்திக்கொள்வார். மண்டேவைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல முடியவில்லை. அவருக்கு இங்கிலீஷ் புரியாவிட்டாலும், சொல்லும்போது இவள் முகம் போகிற போக்கு புரிந்துவிடுமே! முன்பு வானத்தைப் பார்க்க விசிறி இறக்கையாவது இருந்தது. இங்கே இப்போது அவர் சலவைச் சட்டை.

மூன்றாவது பரீட்சை வந்தது. இரண்டு பேருக்கும் தனித்தனி மேஜை. கர்ட்டனம்மா வழக்கம்போலக் கூட்டிக்கொண்டே எழுதினாள். முப்பத்தெட்டு வந்தது. பேனாவை மூடினாள்.

மூடிவிட்டு அவரைப் பார்த்தாள். நெற்றியில் வேர்வை. ஒரு பேனாவைக் கடித்துக்கொண்டு இன்னொன்றால் காதைக் குடைந்துகொண்டிருந்தார். தாளில் அதுவரை அவர் பெயர் மட்டும் நான்கு இடத்தில் இருந்தது. இந்த மனிதர் இந்த ஜென்மத்தில் தேறமாட்டார். தேறாமல் நிறுத்தவும் மாட்டார், தெரு சிரிக்குமே! நான் தோற்றால் இவரோடு இங்கே. ஜெயித்தால் இவர் இல்லாமல் அங்கே. வாரத்தில், இவர் வகுப்புக்கு வரும் மூன்று மணி நேரம்தான், அதுவும் கண்ணாடிப் பெட்டிக்குள். மண்டேவை இங்கே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

பேனாவைத் திறந்தாள். கடைசிப் பக்கத்தை அன்றுதான் முதல் தடவையாக எழுதினாள்.

அவளுக்குத் தொண்ணூற்றொன்று. அவருக்கு இருபத்திரண்டு.

"இவளுக்கு வந்தது நான் பக்கத்துல உக்காந்து தட்டிக்கொடுத்ததால. எனக்குத் திருத்தினதுலதான் கோளாறு" என்று மருந்துக்கடை வாசலில் நின்று கடைக்காரர் விளக்கினார்.

"அப்போ நிறுத்திடுவீங்களா?"

"நானா? ஒரு கை பார்க்காம விடுவேனா!"

அடுத்த செவ்வாய் நாலே முக்காலுக்கு அவர் தலை வாரிக்கொண்டு கிளம்பினார். கர்ட்டனம்மா கண்ணாடித் தடுப்புக்குள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழுக்காகிவிடும் என்று அவர் உறையைப் பிரிக்க விடவில்லை. அசைந்தால் பிளாஸ்டிக் கிறீச்சிட்டது. அந்தச் சத்தத்தை வைத்தே பின்னறையிலிருந்த நாத்தனார், இவள் இருக்கிறாளா எழுந்தாளா என்று கண்டுபிடித்துவிடுவாள்.

போன் அடித்தது. ஒரு பெண், இங்கிலீஷில். இரண்டு ஜன்னலுக்குத் திரை வேண்டும். கர்ட்டனம்மா அளவு கேட்டாள், துணி கேட்டாள், நாள் சொன்னாள். ஒரு தடுமாற்றம் இல்லை. அந்தப் பெண் நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

கர்ட்டனம்மா வைக்கவில்லை. சத்தமில்லாத போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"மண்டே நன்றாக இருக்கிறது" என்று இங்கிலீஷில் ஆரம்பித்தாள். "இன்று காலை கடலில் அலை அதிகம். அது தண்ணீருக்குள் ஓடி, ஒரு குடையைக் கவ்விக்கொண்டு வந்தது. யாருடைய குடை என்று எங்களுக்குத் தெரியவில்லை..."

"யாரது, இவ்வளவு நேரமா?" நாத்தனாரின் மெஷின் நின்றிருந்தது.

"பெரிய இடம் அண்ணி. நிறைய ஜன்னல்."

மெஷின் மறுபடியும் ஓடியது. இவளும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

ஆறே முக்காலுக்குக் கடைக்காரர் வந்தார்.

"இன்னைக்கு என்னங்க கேட்டாங்க?"

"அந்த டிரைவர்தான். எப்பவும் கேக்கறதைத்தான் கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வெரி குட்னு சொன்னேன். வேற என்னத்தைச் சொல்றது?"

"அது போதுங்க" என்றாள் கர்ட்டனம்மா. உண்மையாகவே மனசு நிறைந்துதான் சொன்னாள்.

அவருக்கு வழிவிட எழுந்தாள். பிளாஸ்டிக் கிறீச்சிட்டது.

"என்ன, எழுந்துட்டியா?" என்று பின்னறையிலிருந்து குரல் வந்தது.