சுவருக்கடியில் ஒரு தூம்பு

அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது மாடு பிரிந்தது, பாத்திரம் பிரிந்தது, நடு முற்றத்தில் ஆளுயரத்துக்கு மண்சுவரும் எழும்பியது. தண்ணீர் போகிற தூம்பை மட்டும் யாராலும் பிரிக்க முடியவில்லை. தம்பி வீட்டு முற்றத்துத் தண்ணீர் சுவருக்கடியில் புகுந்து, அண்ணன் வீட்டு முற்றம் வழியாகத்தான் தெருவுக்குப் போயாக வேண்டும். பின்னால் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள் என்று நினைத்தா வீடு கட்டுகிறார்கள்?

அன்று காலை அந்தத் தூம்பு அடைத்துக்கொண்டது.

"ஏ செவலைக் கோழி! நம்ம வீட்டுத் தண்ணி போகக் கூடாதுன்னு தூம்ப அடைச்சுட்டாக, பாத்தியா? முத்தமெல்லாம் கொளமாக் கெடக்கு!"

சுவருக்கு அந்தப் பக்கம் ஜக்கம்மாளின் குரல். தம்பி சுருளிவேலின் மனைவி. இந்தப் பக்கம் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த ஆயம்மாள், அண்ணன் மொக்கச்சாமியின் மனைவி. கோழிக்குச் சொன்னது தனக்குத்தான் என்று அவளுக்குத் தெரியாதா? கிணற்றில் தண்ணீர் இறைக்கும் முறைக்காக ஆண்கள் இருவரும் மல்லுக்கு நின்று, இந்த வீட்டு ஆள் அந்த வீட்டு ஆளோடு பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கோழியோடு பேசக் கூடாது என்று சொல்லவில்லையே. ஆகவே ஜக்கம்மாளுக்குக் கோழி, ஆயம்மாளுக்கு எருமைக்கன்று. ஓரகத்திகள் இருவரின் கோபமும் இத்தனை வருஷமாக அந்த வாயில்லாச் சீவன்களின் தலையில்தான் விடிந்துகொண்டிருந்தது.

இன்றைக்கு ஆயம்மாளுக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் பெரிதாக இருந்தது. நாளை விடியுமுன் சுருளிவேல் குடும்பத்தோடு மலையேறுகிறான். போடிமெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்டத்தில் வேலை. பொதிமாடு பேசியாயிற்று என்று எண்ணெய் விற்கிற அன்னக்கொடிதான் வந்து சொன்னாள். மலைக்காய்ச்சல் உள்ள இடம். ஏறினவர்கள் எல்லோரும் இறங்கி வந்ததில்லை. ஜக்கம்மாள் போவதற்குள் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று ராத்திரியெல்லாம் ஆயம்மாளின் நெஞ்சு அடித்துக்கொண்டது. மலைக்குப் போகிறவளை எருமைக்கன்றிடம் சொல்லியா வழியனுப்ப முடியும்?

இப்படி இருக்கும்போது பழி வேறு.

"ஏ கன்னுக்குட்டி, நமக்கு அந்தப் புத்தி கெடையாதுன்னு சொல்லு. கொண்டா அந்தத் தொரட்டிய, நானே குத்தி எடுக்குறேன்!"

கன்று எதைக் கொண்டுவரும்? தானே எழுந்து போய்த் தொரட்டியை எடுத்துவந்து, தூம்பின் வாயருகே குந்தினாள்.

இதே இடத்தில்தான் சுவர் வருவதற்கு முன்னால் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து துணி துவைத்தார்கள். மலையிலிருந்து ஏலக்காய் இறங்கும் மாதங்களில் முற்றம் நிறையப் பரப்பி, காம்பு கிள்ளி, தூசு புடைப்பார்கள். கையைக் கழுவி ஊற்றினால் தெரு முனைவரை மணக்கும். 'இந்த வீட்டுச் சாக்கடைக்கு வந்த வாழ்வப் பாரு' என்று போகிறவர்கள் கேலி செய்வார்கள். அதைக் கேட்டு ஜக்கம்மாள் சிரிக்கிற சிரிப்பில் மாமியார் உள்ளேயிருந்து கனைப்பாள். சிரிப்பை அடக்க ஆயம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். அந்த நாள் எவ்வளவு நல்ல நாள்! இருந்தபோது தெரியவில்லை.

தொரட்டியை உள்ளே விட்டுக் கொக்கியால் இழுத்தாள். ஒரு சாண் துணி வெளியே வந்தது. சிவப்புக் கட்டம் போட்ட கண்டாங்கி.

ஆயம்மாளின் கை நின்றுவிட்டது. கல்யாணமான புதிதில் இருவருக்கும் ஒரே பாவில் நெய்து வாங்கிய சேலை. தன்னுடையதை ஜக்கம்மாளின் மூத்த பிள்ளைக்குத் தூளி கட்டி, கிழியும்வரை ஆட்டினாள். மற்றது ஜக்கம்மாளின் பெட்டியில்தான் இருந்தது.

துணியின் மடிப்பில் சேறே ஏறவில்லை. நேற்றோ இன்றோ திணித்தது. இந்தப் பக்கத்துப் பொந்தில் மூன்று விரல்தான் நுழையும். துணியைத் திணிப்பதென்றால் அகலமான அந்தப் பக்கத்திலிருந்துதான் முடியும்.

அடி கள்ளி! உன் முற்றத்தை நீயே குளமாக்கிக்கொண்டு, கோழியிடம் புகார் வேறா? ஆயம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது.

"ஜக்கு" என்றாள்.

தூம்பின் வாய்க்கு இன்னும் குனிந்து மறுபடி கூப்பிட்டாள்.

"ஏத்தா ஜக்கு, ஒன்னத்தான்."

"என்னக்கா?" தூம்புக்குப் பக்கத்திலிருந்தே குரல் வந்தது. அவளும் அங்கேதான் குந்தியிருக்கிறாள்.

"உள்ள என்னமோ துணி கெடக்கு. எலி இழுத்துட்டுப் போயிருக்கும்."

"எலியாத்தான் இருக்கும்க்கா."

"கம்பளி எடுத்து வச்சுட்டியா? மேல குளிரு எலும்பக் கடிக்கும்."

"வச்சுட்டேன்."

"புள்ளைகளுக்கு மேல் சுட்டா மெளகத் தட்டிப் போட்டுக் கசாயம் குடு. பச்சத்தண்ணில குளிக்காதீக."

"சரிக்கா." மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "ஒன்ன விட்டுட்டுப் போகவே மனசு இல்லக்கா." பிறகு கேட்டாள், "அடைப்பு எடுத்தாச்சா?"

கொக்கியில் மாட்டிய துணி வெளியே தொங்கியது. ஓர் இழுப்பு இழுத்தால் போதும்.

ஆயம்மாள் தொரட்டியைத் திருப்பி, துணியைப் பத்திரமாக உள்ளே தள்ளினாள்.

"இல்லடி. கெட்டியாப் பிடிச்சிருக்கு. வெரசா முடியுற சோலி இல்ல இது. நீ பேசிக்கிட்டே இரு."