எலிசபெத் சிஸ்டரின் ஈயப்படை

கெசியா கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்த முதல் வாரத்திலேயே மாமியார் அவளிடம் ஓர் உதவி கேட்டார். நகையைப் பற்றியோ சமையலைப் பற்றியோ ஏதோ வரப்போகிறது என்று கெசியா மனதைத் திடப்படுத்திக்கொண்டு நின்றாள்.

"உங்க ஊருப் பக்கம் தேரி இருக்குல்லா? அந்தச் செவப்பு மண்ணு கொஞ்சம் உங்கப்பாவைக் கொண்டுவரச் சொல்லுதியா? நல்லா சலிச்சதா வேணும்."

அடுத்த முறை சாத்தான்குளத்திலிருந்து வந்த அப்பா, ஒரு பாட்டில் நிறையத் தேரி மணலைக் கொண்டுவந்தார். "செடி வைக்கவாம்மா?" என்று மகளிடம் மெதுவாகக் கேட்டார்.

"இல்லப்பா. பூதம் நிக்கதுக்கு."

அப்பா பாட்டிலை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, மூடியை இன்னும் இறுக்கி அவள் கையில் கொடுத்தார்.

மாமியார் எலிசபெத் முப்பத்தைந்து வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் இன்றும் எல்லோருக்கும் எலிசபெத் சிஸ்டர்தான். கணவர் காலமாகிச் சில வருடங்களாகிவிட்டன. ஒரே மகன் ஹெப்ரானுக்கு மஸ்கட்டில் வேலை; கல்யாண லீவு முடிந்ததும் போய்விட்டான். கெசியாவுக்கு உள்ளூரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்ததால் அவள் மாமியாரோடு இருந்தாள்.

அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதிதான் சாப்பாட்டுக்கு. மறுபாதியில் கட்டைவிரல் உயரத்தில் ஒரு படையே நின்றது. கோடரி ஏந்திய குள்ளர்கள், பச்சைத் தோல் பூதங்கள், எலும்புக்கூட்டுக் குதிரையில் ஏறிய ராஜா, குடை பிடித்த ஒரு பல்லி மனிதன்.

இளம் வயதில் எலிசபெத் இரண்டு வருடம் இங்கிலாந்தில் வேலை பார்த்திருந்தார். அங்கே எலும்பு முறிவு வார்டில், தொடை ஒடிந்து, காலில் எடை கட்டித் தொங்கவிட்டபடி மாதக்கணக்கில் படுத்திருந்த ஒரு பஸ் டிரைவர், இந்த மாதிரி உருவங்களுக்கு வர்ணம் தீட்டித்தான் பொழுதைப் போக்கினார். டியூட்டி முடிந்தும் எலிசபெத் அவர் கட்டிலருகே நின்று வேடிக்கை பார்ப்பார். வீடு திரும்பும் நாளில் அந்த மனிதர் தான் தீட்டிய ஒரு கிழ மந்திரவாதியை எலிசபெத்தின் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்குப் பிடித்த பித்து. லீவு நாட்களில் கடை கடையாக அலைந்து சேர்த்து, இரண்டு பிஸ்கட் டப்பா நிறைய ஊருக்குக் கொண்டுவந்தார். பிறகு கல்யாணம், இரவு டியூட்டி, பிள்ளை என்று டப்பாக்கள் பரணிலேயே கிடந்தன. ஓய்வு பெற்ற பிறகுதான் அவை கீழே இறங்கின.

அந்தக் காலத்து உருவங்கள் எல்லாம் ஈயம். தடித்துப்போன பழைய வர்ணத்தை உரிக்க எலிசபெத் அவற்றை டெட்டாலில் ஊறப்போடுவார். பிறகு பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்து, பிசிறுகளைச் சின்ன அரத்தால் ராவி, பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் புதிதாக வர்ணம் தீட்டுவார். கடைசியாகக் காலடித் தட்டில் பசை தடவித் தேரி மணலைத் தூவுவார். மந்திரவாதியை மட்டும் அவர் உரிக்கவே இல்லை. பஸ் டிரைவர் போட்ட நீல அங்கியும், அதன் ஓரத்தில் கடுகை விடச் சின்னதான மஞ்சள் நட்சத்திரங்களும் அப்படியே இருந்தன.

கெசியாவுக்குப் பூதங்களிடம் பயமில்லை. மாமியாரிடம்தான் பயம். எலிசபெத் கோபக்காரர் அல்ல. ஆனால் வார்டையே ஒரு பார்வையில் அடக்கிப் பழகிய முகம். அந்த முகத்தின் முன்னால் கெசியாவுக்கு வாயில் வார்த்தை வராது.

ஈஸ்டருக்கு ஹெப்ரான் வந்துபோனான். ஆடி மாதம் கெசியாவுக்கு மூன்றாம் மாதம். எதைப் பார்த்தாலும் குமட்டியது. டெட்டால் வாசனை எல்லாவற்றையும் விட மோசம். அதை மாமியாரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை எலிசபெத் சபைப் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தார். வாசனை தாங்காமல் கெசியா மேசையை ஒட்டிய ஜன்னலைத் திறந்தாள். ஆடிக் காற்று திரைச்சீலையைத் தூக்கி மேசைமேல் வீசியது. நாலைந்து உருவங்கள் தரையில் உருண்டன. மற்றவை தப்பித்தன. மந்திரவாதியின் கைக்கோல் மட்டும் இரண்டாக ஒடிந்து கிடந்தது.

கெசியா அதைக் கைக்குட்டையில் பொதிந்துகொண்டு ஆட்டோ பிடித்துக் கடைத்தெருவுக்குப் போனாள். அங்கே பேச்சிராஜ் என்ற நகைப் பத்தரை அவளுக்குத் தெரியும். அவள் கொலுசைச் சரிபண்ணிக் கொடுத்தவர்.

"இதை ஒட்டவச்சுத் தர முடியுமா அண்ணாச்சி? அத்தை வாரதுக்குள்ள வேணும்."

பேச்சிராஜ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒடிந்த இடம் வெள்ளியாக மின்னியது. "சின்னதா ஒரு பத்து வச்சு ஒட்டுனாப் போதும்" என்று இடுக்கியில் பிடித்து, தீயைப் பற்றவைத்தார். கெசியா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நீல வர்ணம் குமிழ் விட்டுக் கருகியது. புகை முகத்தில் அடித்தது. மந்திரவாதி ஒரு பக்கமாகச் சாய்ந்தார். தொப்பி இறங்கியது, தாடி இறங்கியது. பத்தர் தீயை அணைப்பதற்குள் இடுக்கியின் கீழே பளபளவென்று ஒரு சொட்டுதான் கிடந்தது.

"ஐயையோ, இது வெள்ளி இல்லம்மா, ஈயம்லா! முன்னாடியே சொல்லக்கூடாதா?" பத்தருக்கே முகம் வெளிறிவிட்டது.

சாயங்காலம் எலிசபெத் வீட்டுக்குள் நுழைந்து கைப்பையை வைப்பதற்கு முன்பே கெசியா காகிதப் பொட்டலத்தை நீட்டினாள். அழுகையும் பேச்சுமாக நடந்ததைச் சொல்லி முடித்தாள். எலிசபெத் பொட்டலத்தைப் பிரித்து அந்தக் கட்டியைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"பத்தர் தீ வச்சப்போ நீ எங்கன நின்ன?"

"பக்கத்துலதான் அத்தை."

"புகை வந்துச்சா? மூச்சுல இழுத்தியா?"

"கொஞ்சம்..."

"அதுக்குப் பொறவு கை கழுவுனியா? எதுவும் சாப்பிட்டியா?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப் போனார். சோப்புப் போட்டு, நகக்கண் வரை, ஒரு குழந்தைக்குக் கழுவுவது போலத் தன் கையாலேயே கழுவிவிட்டார். திங்கட்கிழமை இருவருக்கும் ரத்தப் பரிசோதனை ஆயிற்று. முடிவு வந்ததும், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். இனிமேல் ஈயத்தூசு பக்கம் போகாமல் இருந்தால் சரி என்றார்.

அந்தத் திங்கட்கிழமையே, பள்ளியிலிருந்து கெசியா திரும்பியபோது மேசை முழுவதும் காலியாக இருந்தது. தரையை ஈரத்துணியால் துடைத்திருந்தது. டப்பாக்கள் பரணில் ஏறியிருந்தன. அந்த ஈயக்கட்டியும் அவற்றோடு போயிருந்தது. மாமியார் தன்மேல் உள்ள கோபத்தில்தான் மூட்டை கட்டிவிட்டார் என்று கெசியா முடிவுசெய்துகொண்டாள்.

அதன் பிறகு அவள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. எலிசபெத்துக்குக் கைக்கு வேலை இல்லை. அதனால் கண் முழுவதும் மருமகள் மேல் இறங்கியது. காலையில் ரத்த அழுத்தம் பார்ப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மறுபடி பார்ப்பார். பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, உளுந்தங்களி என்று தட்டைக் காலியாகவே விடமாட்டார். கெசியா தும்மினால் அடுத்த அறையிலிருந்து "என்ன செய்யுது?" என்று குரல் வரும். அவள் பேப்பர் திருத்தும்போது எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, இல்லாத பிரஷைப் பிடித்தது போல விரல்களைக் குவித்தபடி, அவளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"அத்தைக்கு என்மேல கோவம் போகவே இல்ல" என்று ஹெப்ரானிடம் போனில் சொன்னாள்.

"அம்மா கோவப்பட்டா தெருவுக்கே கேக்கும். சத்தம் வரலல்லா? அப்போ கோவம் இல்ல. வேற என்னமோ. நீயே கேட்டுரு" என்றான் அவன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும், செருப்பைக் கழற்றுகிறபோதே கெசியா கேட்டுவிட்டாள்.

"அத்தை, நான் மந்திரவாதியை உருக்கிட்டேன்னுதானே எல்லாத்தையும் தூக்கி வச்சிட்டிய?"

எலிசபெத் திகைத்துப் போனார். "உனக்கு என்ன கிறுக்கா பிள்ள?" என்றார். நாற்காலியில் உட்கார்ந்தார். "சோறு திங்குற மேசையில வச்சு மாசக்கணக்கா ஈயத்தை ராவுனவ நானு. அந்தக் கையோட உனக்குத் தோசை வேற சுட்டுப் போட்டிருக்கேன். நர்ஸுன்னு பேரு. வயித்துல பிள்ளை இருக்கும்போது ஈயம் ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் புத்தியில உறைக்கல. அந்தச் சொட்டைப் பாத்த பொறவுதான் உறைச்சுது." "உன் மூஞ்சியப் பாக்கவே எனக்குக் கூச்சமா இருந்துச்சு."

கெசியா அவர் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"மந்திரவாதி போனது உங்களுக்கு வருத்தம் இல்லையா?"

"பொய் சொல்ல மாட்டேன். வருத்தம்தான். ரெண்டு நாளு அழுதேன். நீ பள்ளிக்கூடம் போன பொறவு."

இதைக் கேட்டதும் கெசியாவுக்கும் அழுகை வந்தது. இருவரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். மூக்கைச் சிந்திவிட்டு கெசியாதான் முதலில் எழுந்தாள்.

"மாடியறை சும்மாத்தானே கிடக்கு. அங்கன வச்சுத் தீட்டுங்க. வெளியே குழாய் இருக்கு. மேல போடுததுக்குத் தனிச் சட்டை. கை கழுவிட்டு, சட்டையை மாத்திட்டுக் கீழ வாங்க. நான் உள்ளயே வர மாட்டேன்."

"வேண்டாம். பிள்ளை பிறந்து வளரட்டும். அவசரம் என்ன?"

"எனக்கு அவசரம் அத்தை. இப்படி நாள் முழுக்க நீங்க என்னையே பாத்துக்கிட்டு இருந்தியன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எலிசபெத் அவளை வார்டுப் பார்வை பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். கண்ணில் மிச்சமிருந்த நீர் கன்னத்தில் வழிந்தது. "அவ்வளவு பாடா படுத்துதேன்?" என்றார்.

"அந்த டெட்டால் நாத்தம் கூடத் தேவல."

"டெட்டால் உனக்குக் குமட்டுச்சா? அதை ஏன் பிள்ள இத்தனை நாளும் சொல்லல?"

"சொல்லத் தைரியம் வரல."

"இப்ப மட்டும் எங்கிருந்து வந்துச்சு?" என்றார் எலிசபெத். அவள் தலையில் கைவைத்து, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார்.

அடுத்த வாரம் மாடியறைக்கு ஒரு மேசையும் டப்பாக்களும் ஏறின. புரட்டாசியில் வெயில் தணிந்த சாயங்காலங்களில் எலிசபெத் உள்ளே தீட்டுவார். கெசியா கொஞ்சம் தள்ளி மொட்டைமாடியில் நாற்காலி போட்டு, மடியில் பரீட்சைத் தாள்களோடு இருப்பாள். கதவு திறந்தே இருக்கும். எதையாவது பேசிக்கொண்டே இருப்பார்கள்.

"பல்லிக்குப் பச்சை போடப் போறேன்."

"வேண்டாம் அத்தை. ஏற்கெனவே பாதிப் படை பச்சை. ஊதா போடுங்க."

"ஊதாக் கலர்ல பல்லி எங்க இருக்கு?"

"குடை பிடிச்ச பல்லி மட்டும் எங்க இருக்கு?"

உள்ளே எலிசபெத் சிவப்புக் குப்பியையும் நீலக் குப்பியையும் எடுத்து, மூடியைத் திறக்கிற ஓசை கேட்டது.

தை மாதம் கெசியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். ஹெப்ரான் வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனான். அவ்வளவு நாளும் எலிசபெத் மாடிப்படி ஏறவே இல்லை. கெசியாவும் ஏறச் சொல்லவில்லை. அவளுக்கு இன்னும் இரண்டு கை தேவையாயிருந்தது. பங்குனியில் ஒருநாள், குழந்தை பால் குடித்துத் தூங்கிய பிறகு, எலிசபெத் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அதன் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கெசியா மாடியறைச் சாவியை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தாள்.

"போயிட்டு வாங்க அத்தை. முழிச்சா நான் கூப்பிடுதேன்."