எட்டாத ரிப்பன்

மருத்துவமனையில் பினாயில் அக்கா என்றால்தான் அவளைத் தெரியும். வார்டுகளின் துப்புரவுக்கு அவள்தான் மேற்பார்வை. தரையில் ஒரு பஞ்சு கிடந்தால் பெரிய டாக்டரையே நிறுத்தி, "நீங்க போட்டதுதானே?" என்று கேட்கிற வாய். அந்த வாய் அன்று காலையில் கணவரிடம் கூசாமல் பொய் சொன்னது.

"இன்னைக்கு ரெட்டை ஷிப்ட். வர இருட்டிடும்."

காட்டு ஏரிக்குத் தனியாகப் போகிறேன் என்றால் அந்த மனிதர் வாசலை மறித்துப் படுத்துவிடுவார். ஆகவே அவள் எங்கே போயிருக்கிறாள் என்பது ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

ஏரிக்குப் போகும் காட்டுப் பாதையில், முதல் அருவியருகே பாறையில் உட்கார்ந்து ஒரு பெண் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, முடியலையா?"

"மூட்டு வலிக்கா. வீட்டுக்காரர் முன்னாடி போயிட்டார். நான் மெதுவா வர்றேன், நீங்க போங்க."

அருவிக்கு மேலே ஏறியதும் ஒரு கிளையில் நீல பிளாஸ்டிக் ரிப்பன் தொங்கியது. அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காட்டைக்கூட விட்டுவைக்க மாட்டார்களா? எம்பினாள், குதித்தாள், எட்டவில்லை. மனசே இல்லாமல் விட்டுவிட்டு நடந்தாள். அடுத்தவையெல்லாம் கைக்கு வாகாக இருந்தன. புற்றையொட்டிய மரத்தில் ஒன்று, இரண்டாவது அருவியருகே வளைந்த மரத்தில் ஒன்று என்று வழிநெடுக. கட்டியவனின் பரம்பரையையே திட்டிக்கொண்டு எல்லாவற்றையும் அவிழ்த்துப் பையில் திணித்தாள்.

ஏரிக்கரையில் "அக்கா, பக்கெட் எங்கே?" என்று கேட்க ஒரு ஜீவன் இல்லை. ரொட்டியைத் தின்றுவிட்டு, முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு நிம்மதியாகப் படுத்தாள். கண் விழித்தபோது ஏரியைக் காணவில்லை. பனி இறங்கி மூடியிருந்தது.

திரும்பி நடந்தாள். பாதை பிரிந்தது, வலப்பக்கம் போனாள். மறுபடி பிரிந்தது. அருவிச் சத்தம் எந்தப் பக்கம் திரும்பினாலும் கேட்டது. சாய்ந்து கிடந்த ஒரு மரத்தைத் தாண்டி வெகுதூரம் நடந்து பார்த்தால், அதே மரம் மறுபடி எதிரே கிடந்தது. போனில் சிக்னல் இல்லை. இங்கே விழுந்து கிடந்தால் யார் வந்து தேடுவார்கள்? கணவர் மருத்துவமனை வாசலில்தான் போய் நிற்பார். அவளுக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் ஆண் குரல் கேட்டது.

"எங்கடி இருக்க? வெளிய வா!"

அவள் சட்டென்று மரத்தின் பின்னால் ஒண்டி, வாயைப் பொத்திக்கொண்டாள். சருகு நொறுங்கும் சத்தம் கிட்டே வந்தது. பனியிலிருந்து நெட்டையாக ஒருவன் வந்தான். கையில் தடி. நின்று சுற்றிலும் பார்த்தான். பிறகு அவன் தடியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

"பயமா இருக்குடி. ஒரு குரலாச்சும் குடேன்" என்று குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அக்கா வெளியே வந்தாள். அவன் துள்ளி எழுந்தான்.

"அக்கா, முட்டி வலியோட ஒரு பொண்ணைப் பாத்தீங்களா? என் பொண்டாட்டிக்கா. நான் முன்னாடி போறேன், நீல ரிப்பன் கட்டிக்கிட்டே போறேன், அதைப் பாத்து வான்னு சொல்லிட்டு வந்தேன். ஏரிக்கு அக்கரையில ரொம்ப நேரம் காத்திருந்தேன், அவ வரவே இல்ல. இப்போ ஒரு ரிப்பனைக்கூடக் காணோம். எனக்கும் வழி தெரியல."

அக்காவின் கை பையை இறுக்கிப் பிடித்தது. சொல்லாமல் இருந்துவிடலாம். அவனுக்கு எப்படித் தெரியப்போகிறது? ஆனால் பாறையில் உட்கார்ந்திருந்த அந்த முகம் கண் முன்னால் வந்து நின்றது. ஜிப்பைத் திறந்தாள். நீலச் சுருள் வெளியே பிதுங்கியது.

"குப்பைன்னு நினைச்சேன் தம்பி."

அவன் அவளை அடித்துவிடுவான் என்றே நினைத்தாள். அவனோ பாதைப் பக்கம் திரும்பி மறுபடி மனைவியைக் கூப்பிட்டான்.

"வா" என்றாள். "வழி எனக்குத் தெரியாது. எந்தெந்த மரத்துல எடுத்தேன்னு தெரியும். கூப்பிட்டுக்கிட்டே வா."

வளைந்த மரத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் வெளிச்சம் மங்கிவிட்டது. அவன் தொண்டை கட்டிப்போயிற்று. பதிலே இல்லை. வழியெல்லாம் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்தையும் அவன் எட்டிப் பார்க்கும்போது அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். புற்றையும் தாண்டினார்கள்.

"இங்கதாங்க இருக்கேன்!"

அருவிக்கு மேலே, அக்காவுக்கு எட்டாமல் போன அந்த ரிப்பனுக்கு நேர் கீழே, அந்தப் பெண் மரத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் ஓடிப்போய் அவள் மடியில் விழுந்தான்.

"இதுக்கு மேல ரிப்பனே இல்லீங்க. போனா தொலைஞ்சிடுவேன்னு இங்கயே உக்காந்துட்டேன். எந்தக் கட்டையில போறவன் அவுத்தானோ! ஏதோ இது ஒண்ணையாவது விட்டுவச்சானே."

அவன் அக்காவைப் பார்த்தான்.

"நான்தாம்மா" என்றாள் அக்கா. "இதையும் அவுக்கத்தான் குதிச்சுப் பாத்தேன்."