முன்காப்பை எடுத்த பிறகு

பதினான்கு திறன்களை ஆறாகக் குறைக்கச் சொன்னது யஷ்வந்த். சரவணம்பட்டியில் எங்கள் கேம் கம்பெனியை நடத்துகிறவர். குறைத்தது நான்தான், அதனால் அவரைத் திட்டிப் பயனில்லை.

எங்கள் விளையாட்டில் எட்டுப் பேர் சேர்ந்து ஓர் அரக்கனோடு மோதுவார்கள். அந்த எட்டில் ஒருவர் காப்பாளர். அவர் அடிக்க மாட்டார், மற்ற ஏழு பேரையும் சாகாமல் பார்த்துக்கொள்வார். அவருடைய பதினான்கு திறன்களில் முன்காப்பு என்பதும் ஒன்று. அடி விழப்போகும் இடத்தில் ஐந்து நொடி முன்னாலேயே ஒரு கேடயத்தை வைத்துவிடலாம். நூறு பேரில் மூன்று பேர்கூட அதைத் தொடுவதில்லை என்று கணக்குச் சொன்னது, எடுத்துவிட்டேன். பட்டன் குறைந்தால் எல்லோருக்கும் சுலபம் என்று நிஜமாகவே நம்பினேன். எவ்வளவு பெரிய மடத்தனம். முன்கூட்டி யோசிக்கும் வழியை அடைத்துவிட்டால், மிச்சமிருப்பது அடி விழுந்த கணத்தில் பட்டனைத் தட்டும் வேகம் மட்டும்தான்.

சோதித்துப் பார்க்க, காப்பாளராக ஆடுகிறவர்களில் முதலிடத்தில் இருந்தவரை அழைத்தோம். கதிர்வேல், சோமனூர்க்காரர். விசைத்தறி ஓட்டியவர். வந்து உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், இடது கையில் இரண்டே விரல்கள். மூன்றைத் தறி எடுத்துக்கொண்டதாம்.

"அடி எங்க உளும்னு தெரிஞ்சுபோட்டா அவசரப்பட வேண்டீதில்லைங்க. அதனாலதான் நம்மளால ஆட முடியுதுங்க" என்றார்.

முன்காப்பு இல்லாத புதிய காப்பாளரை ஆடக் கொடுத்தேன். நான்கு ஆட்டங்களிலும் அவருடைய குழு செத்தது. இரண்டு விரல்களும் பட்டன்களைத் தேடி ஓடின, ஒவ்வொரு முறையும் பிந்தின. பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

"எப்படிங்க இருக்குது?"

"நல்லாத்தானுங்க இருக்குது. பழகிட்டா செரியாயிருமுங்க."

நான் பீளமேட்டில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணச் சாப்பாட்டில் உப்பே இல்லாவிட்டாலும், "திருப்திங்க" என்று சொல்லிக் கை கழுவுகிற ஊர் இது. அந்த 'நல்லாத்தானுங்க'வுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சம்மதம் தேவைப்பட்டது. 'முதலிடக் காப்பாளருக்கு முழுத் திருப்தி' என்று அறிக்கையில் எழுதினேன்.

மாற்றம் வெளியாகி மூன்றாம் வாரம், அவருடைய குழுவில் அவர் பெயர் இல்லை. போன் செய்தேன்.

"பசங்க ஒண்ணும் சொல்லலீங்க. ஆனா எனக்கோசரம் ஏழு பேரு தெனமும் தோக்கறதுங்களா? நானே வெளிய வந்துபோட்டனுங்க."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமுல்லீங்க?"

"ஏனுங்க அம்மணி, அவ்வளவு பாடுபட்டு செஞ்சிருக்கறீங்க. மூஞ்சிக்கு நேரா எப்படிங்க சொல்றது?"

யஷ்வந்திடம் ஓடினேன். முன்காப்பைத் திரும்பக் கொடுக்கலாம், மூன்று நாள் வேலைதான் என்றேன். அவர் கோபப்படவில்லை. என் அறிக்கையைத் திறந்து திரையை என் பக்கம் திருப்பினார்.

"அவரே திருப்தின்னு சொல்லியிருக்காருன்னு நீதான எழுதுன, பூஜிதா? புதுசா ஆட வர்ற கூட்டம் இரட்டிப்பாயிருச்சு. ஒருத்தருக்காக மாத்த முடியாது."

அந்த வரியை மூன்று முறை படித்தேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

முடியாது என்று கதிர்வேலிடம் நானே சொன்னேன். அவர் பதறவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. விரல்கள் போன பிறகு வீட்டில்தான் இருக்கிறார். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த ஏழு பேர் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்களாம். இப்போது ஆறு மணிக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"சும்மா உக்காந்திருக்கறனுங்க."

பிறகு அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மறுக்கா டெஸ்ட்டு ஏதாச்சும் வெச்சீங்கன்னா நம்மளைக் கூப்புடுவீங்களாங்க?"

எங்கள் சோதனைக்கு அழைப்பது தற்போது ஆடுகிறவர்களை மட்டும்தான்.

"கட்டாயம் கூப்புடறனுங்க" என்றேன்.