கல்மீன் தொட்டியில் மாமாவின் கை

1
இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. மீன் காட்சிக்கூடம் ஒன்றில் கல்மீன் தொட்டியைப் பார்த்த ஒருவர், "காலித் தொட்டிக்கு எதுக்கு லைட்டு?" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். மீன் அவர் மூக்குக்கு நேரே இருந்தது. கடலடியில் கல்லோடு கல்லாய்க் கிடந்து, பக்கத்தில் வரும் இரையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் விழுங்கும் ஜாதி. முதுகு முள் தைத்தால் மனித உயிருக்கே ஆபத்து. அந்த ஆளைக் கதைக்குள் இழுத்து ஒரு வழி பண்ணுவது என்று முடிவு செய்தேன்.

2
முதல் தொடக்கம்: "பொறுமையின் வடிவமாய், ஆழ்கடல் மௌனத்தில் அந்த மீன்..."

வேண்டாம். அதற்குப் பொறுமையும் கிடையாது, தத்துவமும் கிடையாது. பசிதான்.

இன்னொன்று: அந்த ஆளையே கூடத்தின் முதலாளி ஆக்கிவிட்டேன். அவர் வெளியூர் போயிருந்தபோது, அங்கே மீன் மருத்துவராக இருக்கும் அவருடைய மனைவியின் தங்கை, ஒரு கல்மீனைக் கொண்டுவந்து தொட்டியில் விட்டாள். பலகை எதுவும் மாட்டவில்லை. கண்ணிருக்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும் என்கிற இறுமாப்பு. [இவளை எனக்குப் பிடித்திருக்கிறது.*]

3
திரும்பி வந்த முதலாளி, தொட்டி காலியாகக் கிடக்கிறதே என்று வண்ண மீன்களை வாங்கி விட்டார். அவை ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

"வெளிய விக்கிறியா?"

"என்ன மாமா பேசுறீங்க?"

"தொட்டியைத் திறக்குறவ நீ ஒருத்திதான். மீனெல்லாம் எங்க?"

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. திருட்டுப் பட்டமா, அதுவும் இந்த மனிதர் வாயால்?

"அந்தக் கல்லைக் கேளுங்க, சொல்லும்."

"என் காதுல பூ சுத்தாத. இப்பவே தூக்கிக் காட்டுறேன், அது கல்லா வேற ஏதாவதான்னு."

மூடியைத் திறந்தார். சட்டைக் கையை மடித்தார். அவள் வாயைத் திறக்கவில்லை.

4
முடிவு ஒன்று: தடுத்துவிடுகிறாள். "இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன? ஒரு பலகை மாட்டுறதுக்கு என்ன?" என்கிறார் மாமா. நியாயமான கேள்வி. இனி அக்கா வீட்டில் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அதுதான் தொட்டுக்கொள்ள.

முடிவு இரண்டு: சும்மா நிற்கிறாள். பிறகு அக்கா வந்து கேட்கிறாள், "நீ பக்கத்துலதானே இருந்த?" அதற்கு அவள்

எழுத வரவில்லை.

5
தண்ணீர் அவருடைய முழங்கையைத் தொட்டுவிட்டது. முதல் வரியிலிருந்து என்னோடு சேர்ந்து அவரைப் பார்த்துச் சிரித்தவர் நீங்கள். இப்போது அவள் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். "அது மீனு." இரண்டே சொல்.

எங்கே, சொல்லுங்கள் பார்ப்போம்.

* அடுத்தவனை முட்டாள் என்பதில் இருக்கும் சுகம் எனக்கும் அவளுக்கும் பொது.