அபராதம் கேட்டவள்

கொல்லிமலையில் அந்த ஊருக்கென்று ஒரு வழக்கம். ஓடிப்போன ஜோடி திரும்பி வந்தால் ஊர்க்கூட்டத்தில் நின்று திட்டு வாங்கி, அபராதம் கட்ட வேண்டும். கட்டிவிட்டால் தீர்ந்தது, பெற்றவர்கள் கதவைத் திறந்தே ஆக வேண்டும். சுமித்ராவின் அண்ணன் சதீஷ்குமார் அப்படித்தான் பெண்டாட்டியோடு வீட்டுக்குள் போனான். இன்றைக்கு அங்கே கால்மேல் கால் போட்டு டிவி பார்க்கிறான்.

அந்தத் தைரியத்தில்தான் சுமித்ராவும் ஊர்க்கூட்டத்தில் வந்து நின்றாள். அவள் ராதிகாவோடு ஓடிப்போனவள். மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் வாடகைக்கு வீடு கேட்டால், "ஊட்டுக்காரர் எங்கீங்க?" என்பார்கள். தோழிகள் என்று சொல்லிக் குடியேறினாலும் யாராவது மோப்பம் பிடித்துவிடுவார்கள். சாமான் தெருவுக்கு வரும். கடைசியாக மலைமேல் ஒண்டியிருந்த மிளகுக் கொட்டகையையும், பறிப்பு தொடங்குகிறது என்று காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ராதிகா மூட்டைகளோடு பஸ் ஸ்டாப்பில் காத்திருந்தாள்.

"அபராதம் போடுங்க, கட்டிப்போடறேன்" என்றாள் சுமித்ரா.

ஊர்க்கவுண்டர் சென்றாயன் சிரித்தார். "எதுக்குக் கண்ணு? தப்புப் பண்ணுனாத்தான அபராதம்?"

"ஓடிப்போனனுங்களே!"

"ஆரோட? பொம்பளப் புள்ளையோட. அது சிநேகிதம் சாமி. நீ உன்ற ஊட்டுக்குப் போ, ஆரும் தடுக்கல. அந்தப் புள்ள அவிய ஊட்டுக்குப் போவட்டும்."

சுமித்ராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்றால் இதுதான்.

"சிநேகிதம் இல்லீங்க. அண்ணனும் அண்ணியும் மாதிரித்தான் நாங்களும். தப்புன்னே சொல்லுங்க! எல்லாருக்கும் போடறத எங்களுக்கும் போடுங்க!"

கூட்டம் தரையைப் பார்த்தது. அம்மா பாப்பாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அபராதம் போட்டால் ஜோடி என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஜோடி என்றால் கதவைத் திறக்க வேண்டும். இது தெரியாதவர் அங்கே ஒருவரும் இல்லை. தெரிந்துகொண்டேதான் வாயடைத்து உட்கார்ந்திருந்தார்கள், கல்லுளிமங்கன்கள். சதீஷ்குமார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முதல் ஆளாக எழுந்து போனான்.

"முடிஞ்சுது, எந்திரிங்கப்பா" என்றார் சென்றாயன்.

பஸ் ஸ்டாப்பில் ராதிகா ஓடி வந்தாள். "என்னாச்சு, எவ்வளவு போட்டாங்க?"

"ஒண்ணும் போடல. நாம தப்பே பண்ணலயாம்."

ராதிகாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பறம் என்ன? ஊட்டுக்குப் போலாம் வா!"

சுமித்ரா பெரிய மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மலையிறங்கும் பஸ்ஸுக்குக் கை காட்டினாள்.