ஒற்றை விசில்

1
இந்தக் கதை அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதில் பிறந்தது. முதல் வரைவில் அவள் புருஷனைச் சாகடித்திருந்தேன். படித்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

2
தொடக்கம்: "அந்தி வெளிச்சத்தில் ஆற்றோரப் பாறை பொன்னாய்…" (பொய். உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது.)

நேராகவே சொல்கிறேன். ஆற்றங்கரையில் கூடாரம் அடித்துவிட்டு, செங்குத்துப் பாறையின் விளிம்பை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் அக்கா, அத்தான், நான் மூவரும் சுற்றிப்பார்க்கக் கிளம்பினோம். அத்தான் முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். ரிட்டயர் ஆகியும் விசில் கழுத்தைவிட்டு இறங்கவில்லை. எங்கள் குடும்பம் வெளியே போனால் ஒரு விசிலுக்கு நிற்கணும், இரண்டுக்குக் கிளம்பணும். கிண்டலாய் ஆரம்பித்தது, உடம்பில் ஊறிவிட்டது. அவர் எப்போதும் கடைசி ஆள். அதனால் அவர் சறுக்கியதை நாங்கள் பார்க்கவில்லை.

3
வளைவு தாண்டியதும் பின்னால் ஒரு விசில். நின்றோம். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி ஒன்று. நின்றுகொண்டுதானே இருக்கிறோம் என்று எனக்கு எரிச்சல்.

"போட்டோ எடுக்கிறார்போல. ரெண்டு அடிக்கட்டும், போவோம்" என்றாள் அக்கா.

கால் மணி நேரம் மரம் மாதிரி நின்றோம். [நம்ப முடியவில்லையா? கண்டக்டரைக் கட்டிக்கொண்டு பாருங்கள்.] விசில் சன்னமாகிக்கொண்டே வந்தது. அக்கா முகம் வெளுத்தது.

"அவர் நிக்கச் சொல்லலடி. கூப்பிடறார்."

ஓடினோம். பாதைக்கு இரண்டு ஆள் உயரம் கீழே, சின்னத் திட்டு ஒன்றில் அத்தான் ஒட்டிக்கொண்டிருந்தார். அதற்கும் கீழே ஆறு.

"வாயைத் திறந்து கத்தினா என்ன?" என்றாள் அக்கா, மேலிருந்து எட்டிப் பார்த்து.

"கத்தினேனே. ஆத்துச் சத்தத்துல உங்களுக்கு எங்க கேட்டுது?"

கூடாரத்துக்கு மிஞ்சிய கயிறு என் பையில் இருந்தது.

4
முடிவுகள்:

கயிறு அறுகிறது. (அக்கா கிழித்துப் போட்ட பக்கம்.)

கயிறு தாங்குகிறது, ஆனால் வாழ்க்கை என்பது… (சே.)

நடந்தது: கயிற்றின் ஒரு நுனியை மரத்தில் கட்டி, மறுநுனியை அவரிடம் இறக்கி, இருவரும் இழுத்தோம். மேலே வந்தவர் முழங்காலில் ரத்தம் வழிய எங்களை எண்ணிப் பார்த்தார். "எல்லாரும் ஏறியாச்சா?" என்றார். அக்கா அவர் முதுகில் ஒன்று வைத்தாள், பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

விசில் இப்போது அக்கா கழுத்தில். என் தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறாள். மூவரும் உயிரோடிருக்கும் இந்த வரியில் ஒன்று ஊதிவிட்டாள். நின்றுவிட்டேன்.

கதை கிளம்பணும் என்றால் நீங்கள் இரண்டு ஊதுங்கள். கால் மணி நேரமாகியும் என்னிடமிருந்து சத்தம் வரவில்லையா, தயவுசெய்து ஒரு எட்டு வந்து பாருங்கள்.